ஏழு பேர் எழுதிய கட்டுரை

முதல் இதழ் கட்டுரையை மூன்று மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பியது. இரண்டாவது இதழுக்குப் பதினொரு நாள் போதுமானதாக இருந்தது. மூன்றாவது இதழ் நாற்பதே நிமிடத்தில் வேண்டாம் என்றுவிட்டது. அனுப்பிய சந்தோஷத்தில் ரிஸ்பெக் ஊற்றிக்கொண்ட தேநீர்கூட முழுதாக ஆறியிருக்கவில்லை.

"வேகம் கூடிட்டே வருது. முன்னேற்றம்தான்" என்று ஆசிரியர் அறையில் அவரே சொல்லிச் சிரித்தார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது அவர் வழக்கம். ஐம்பத்தொரு வயதில் மனிதனுக்கு அந்தத் தற்காப்பாவது வேண்டும்.

ஆனால் கையில் நாள் அதிகம் இல்லை. ஓஷ் நகரத்தின் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவர் துணைப் பேராசிரியர். ஜூன் பதினைந்தாம் தேதி தகுதிக் குழு கூடுகிறது. அதற்குள் ஒரு வெளிநாட்டு மருத்துவக் கல்வி இதழ் அவருடைய கட்டுரை ஒன்றையாவது ஏற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் ஆசிரியராக இறக்கிவிடுவார்கள், கதவில் இருக்கும் பித்தளைப் பெயர்ப்பலகையையும் கழற்றிவிடுவார்கள். பதினான்கு வருடமாக வாரம் ஒருமுறை, யாரும் பார்க்காத நேரத்தில், அந்தப் பலகையைக் கைக்குட்டையால் துடைத்து வருகிறார் ரிஸ்பெக். யாரும் பார்க்கவில்லை என்பது அவர் நினைப்பு. அந்த மாடி முழுக்கத் தெரிந்த விஷயம் அது.

கட்டுரையின் விஷயம் என்னவோ நல்ல விஷயம்தான். நோயாளியின் கட்டிலருகே நிறுத்திக் கேள்வி கேட்டால், பதில் தெரியாத மாணவன் தெரியாது என்று சொல்வதில்லை. வாய்க்கு வந்ததை அளக்கிறான். நாளைக்கு அவன் டாக்டராகியும் அளப்பான். ஆகவே ஐம்பத்தாறு ஐம்பத்தாறு பேராக இரண்டு குழு. ஒரு குழுவில் ஆசிரியர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, மாணவர்களோடு சேர்ந்து புத்தகத்தைப் புரட்டுவார். இன்னொரு குழுவில் எப்போதும் போலப் பாடம். இலையுதிர் காலத்தில் தொடங்கிய ஆய்வு, போன வருடம் பனி உருகும்போது முடிந்தது. முதல் குழுவில் அளப்பது பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

நான்காவது இதழ் ஏற்றுக்கொண்டது. மே மாதத்தின் நடுவில், மதிய உணவு வேளையில் கடிதம் வந்தது. ரிஸ்பெக் வாயிலிருந்த சம்சாவை விழுங்காமலே எழுந்து நின்று இரண்டு முறை படித்தார். "மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம். ஒரு சிறு விவரம் மட்டும் தேவை. எழுதிய ஏழு பேரில் ஒவ்வொருவரும் இந்த ஆய்வில் என்ன செய்தார் என்பதை இணைப்பிலுள்ள படிவத்தில் குறித்து, பத்து நாளில் அனுப்பவும்."

ஏழு பேர் வந்த கதை இது. ஓஷ் விருந்துகளில் ஆட்டிறைச்சியை எப்படிப் பரிமாறுவார்களோ அப்படித்தான் ரிஸ்பெக் பெயர்களையும் பரிமாறியிருந்தார். வயதில் மூத்தவருக்கு இடுப்பெலும்பு, அடுத்தவருக்குத் தொடையெலும்பு, அப்படியே இறங்கி வரவேண்டும். எலும்பு மாறிவிட்டால் பத்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. முதல் பெயர் துறைத் தலைவி சபிரா, வயது எழுபத்தொன்று. அடுத்து துணைவேந்தரின் ஆலோசகர், டீன், டீனின் அண்ணன், இன்னும் இருவர். கடைசியில் அடக்கமாக ரிஸ்பெக். அடக்கமாவது ஒன்றாவது! வெளிநாட்டு இதழ்களில் கடைசிப் பெயர்தான் பெரிய மனிதரின் பெயர் என்று எங்கோ படித்திருந்தார். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு சபிராவின் அறைக்குப் போனார். வயதில் மூத்தவள் என்பதால் அவளை 'எஜே', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"எஜே, இந்தக் கட்டுரைக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்குறாங்க."

சபிரா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஏன், நான் பாதா குடுக்கலயா? ரெண்டு கையும் விரிச்சு, நல்லபடியா போய்ச் சேரட்டும்னு வாழ்த்தி முகத்தத் தடவி அனுப்பினேனே. அதுக்குள்ள மறந்துட்டியாடா?"

"குடுத்தீங்க எஜே. ஆனா இதுல பதினாலு வேலை போட்டிருக்கான். பாதா அதுல இல்ல."

"அப்ப அவன் படிவம் சரியில்லன்னு எழுதிப் போடு."

டீன் இன்னும் சுருக்கமாக முடித்தார். "நான் தடுக்கலையே ரிஸ்பெக்? நான் தடுத்திருந்தா இது நடந்திருக்குமா? அத எழுது."

ரிஸ்பெக் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். படிவத்தில் பென்சிலால் எழுதினார்: முதலாமவர், வாழ்த்தினார். மூன்றாமவர், தடுக்கவில்லை. நான்காமவர், மூன்றாமவரின் அண்ணன். அனுப்பப்போவதில்லைதான். ஆனாலும் எழுத எழுத உற்சாகமாக இருந்தது. இப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில் தான் ஒருவன் மட்டும் உழைத்துச் சாகிறோமே என்று தன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அந்த இரக்கத்தோடு ஏழாவது வரிக்கு வந்தார்.

ஆய்வுக்கான யோசனை யாருடையது? பென்சில் நின்றது. ஒரு நாள் ஆசிரியர் அறையில், "நாம அளக்குறதப் பாத்துத்தான் பசங்களும் அளக்குதுங்க" என்று சொன்னது உதவி ஆசிரியை புருல். வார்டு மூலையில் ஐந்து மாதம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கணக்கெடுத்தது? புருல். அட்டவணை போட்டது அவள். எழுதியதும் அவள். ரிஸ்பெக் தலைப்பை மாற்றினார். பிறகு பழைய தலைப்பே நன்றாக இருந்ததால் மறுபடி அதையே வைத்தார்.

புருலின் பெயர் கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், 'சில்லறை உதவிகளுக்காக' என்று இருந்தது. முப்பத்தெட்டு வயது. விருந்தென்றால் வாசலோரம் உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வயது. அவளுக்கு எந்த எலும்பு என்று அவர் யோசித்ததே இல்லை.

கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். ஆண் ஆசிரியரை மரியாதையாக 'அகாய்' என்று கூப்பிடுவது அங்கே வழக்கம்.

"புருல், இந்த ஆய்வுல நான் என்ன செஞ்சேன்?"

"நெசமாவே கேக்குறீங்களா அகாய், இல்ல படிவத்துக்காகக் கேக்குறீங்களா?"

"நெசமாத்தான்."

"நீங்க ரெண்டாவது குழுவுக்குப் பாடம் எடுத்தீங்க. எப்பவும் போல."

எப்போதும் போல! இரண்டாவது குழு என்றால் தெரியாது என்று ஆசிரியர் ஒருபோதும் சொல்லாத குழு. மாணவர்கள் அளந்து தள்ளிய குழு. முதல் குழுவை நடத்தியவள் புருல். ஆய்வின் நல்ல பாதி அவள். கெட்ட பாதிக்கு, எந்தப் பயிற்சியும் இல்லாமல், இயல்பாகவே பொருந்தியவர் ரிஸ்பெக்.

"அஞ்சு மாசத்துல பசங்க உங்கள நூத்தி நாலு கேள்வி கேட்டாங்க அகாய். நான் எண்ணிருக்கேன். ஒண்ணுக்குக்கூட நீங்க தெரியாதுன்னு சொல்லல."

"எனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கலாம்ல?"

"அதுல பதினேழு தப்பு."

ரிஸ்பெக்குக்குச் சிரிப்பு வரவேண்டும், வழக்கப்படி முந்திக்கொள்ள வேண்டும். வரவில்லை. காது மடல் சுட்டது. வெட்கம்தான் அது. சின்னப் பையனாக இருந்தபோது பட்டதோடு முடிந்தது என்று நினைத்திருந்த அதே வெட்கம்.

"கட்டுரையில பதினேழுன்னு இல்லையே?"

"நான் எழுதினேன். நீங்க அடிச்சிட்டீங்க. எடம் போதாதுன்னு சொன்னீங்க."

மறுநாள் காலை அவர் மறுபடி சபிராவின் முன்னால் நின்றார். பெயர்களை மாற்ற வேண்டுமானால் ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இதழின் விதி. தாளை மேஜைமேல் வைத்தார். அதில் எழுதியவர் என்று ஒரே பெயர்தான் இருந்தது, புருலின் பெயர்.

சபிரா படித்தாள். மெல்லத் தலை நிமிர்ந்தாள். "என் பேர எடுத்திட்ட. சரி, நான் கெழவி. உன் பேரயும் காணோமே?"

"நான் ஒண்ணும் செய்யல எஜே."

"இன்னும் ஒரு மாசந்தான். குழு முன்னால எதக் காட்டுவ?"

"இன்னொரு கட்டுரை கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு எஜே. போன வாரமே..." அவர் வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே போயிற்று. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. நூற்றி ஐந்தாவது கேள்வி, பதினெட்டாவது தப்பு என்று உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம் குறித்துக்கொண்டது. சட்டென்று நிறுத்தினார்.

"தெரியாது எஜே. எதக் காட்டுறதுன்னு எனக்குத் தெரியாது."

சபிரா பேனாவைத் தேடினாள். "இருவத்தாறு வருஷமா உன்னத் தெரியும். இந்த வார்த்த உனக்கு உச்சரிக்க வருமான்னே சந்தேகமா இருந்துச்சு" என்றபடி கையெழுத்திட்டாள். அவள் போட்டுவிட்ட பிறகு மற்றவர்கள் மறுப்பதற்கு வழியில்லை. டீன் இந்த முறையும் தடுக்கவில்லை.

ஜூன் பதினைந்தாம் தேதி, குழு அவரை வெறும் ஆசிரியராக்கியது. பலகையைக் கழற்ற ஆள் வருவதற்குள் ரிஸ்பெக்கே கழற்றிவிட்டார். கதவில் பலகை இருந்த இடம் மட்டும் சுற்றியிருந்த பெயிண்டைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அது அவரை உண்மையாகவே வருத்தியது. அன்று சாயங்காலம் சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பரில் இதழ் வந்தது. புருலே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே பெயர், இடம் போதாமல் போன பதினேழும் உள்ளே. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் ஒரு வரி: "இரண்டாம் குழுவுக்குத் தம் வழக்கம் துளியும் மாறாமல் பாடம் நடத்தி, இந்த ஒப்பீட்டைச் சாத்தியமாக்கிய ஆசிரியர் ரிஸ்பெக் அவர்களுக்கு."

மூன்று முறை படித்தார். அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பாராட்டா புருல், இல்ல குத்தலா?"

"உங்களுக்கு என்ன தோணுது அகாய்?"

பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரிஸ்பெக் அதை விழுங்கிவிட்டு, "தெரியாது. உக்காரு, சேந்து படிச்சுப் பாப்போம்" என்று சொல்லி, அவளுக்குத் தேநீர் ஊற்றினார்.