பைடிராஜு வந்துகினு இருக்காரு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. மைத்துனர் வீட்டு வளைகாப்புக்குப் பேனர் அடிக்க யானைக்கவுனியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஜுபைர் யாரிடமோ தலையில் அடித்துக்கொண்டு சொன்னது என் காதில் விழுந்தது. அவர் சொன்னதில் பாதியை நம்பினேன். நம்பாத பாதிக்குப் பதில் என் பாதியைப் போட்டு நிரப்பியிருக்கிறேன். நான் வளர்ந்த தெருவில் கலப்படத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அது யோக்கியமான வியாபாரம்.

ஆரம்பிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் எழுதியது:

'இராயபுரத்தின் அலைகள் தம் ஓயாத இசையை...'

அடித்துவிட்டேன். இராயபுரத்தில் அலை காதில் விழ வேண்டுமானால் முதலில் கன்டெய்னர் லாரிகளை நிறுத்த வேண்டும். அப்புறம்:

'சாகாமலேயே செத்துப்போன ஒரு வீணை வித்வான்...'

இதையும் அடித்தேன். மொத்த மூட்டையையும் வாசலிலேயே அவிழ்த்துவிட்டால் கடைக்குள் எதற்கு வருவீர்கள்?

(அடித்ததை ஏன் விட்டுவைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் நீங்கள் புடவை வாங்குவதில்லையே.)

2

யசோதராவுக்கு முப்பத்தெட்டு வயது. வியாசர்பாடியில் அடுக்குமாடிக் குடியிருப்பு, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அலுவலக வேலை. கர்நாடக சங்கீதமென்றால் உயிர்.

(ஏன் உயிர் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவளுடைய அப்பா ரேடியோ வைத்திருந்தார். மூன்றையும் கிழித்துவிட்டேன். பிரியாணி ஏன் பிடிக்கும் என்று யாராவது காரணம் கேட்கிறார்களா?)

"மைலாப்பூர்ல போயிதான் கேக்கணுமா? நம்மளுக்கும் காது கீதுல்ல?"

இராயபுரம் தொழிலாளர் நலக்கூடத்தின் செயலாளர் அன்பரசனிடம் இப்படிக் கேட்டுத்தான் ஐந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளை வாங்கினாள். வெளியூர் வித்வான்கள் வந்து வாசிப்பார்கள், அனுமதி இலவசம். தார்வாடிலிருந்து வயலின் வந்தது, கொல்கத்தாவிலிருந்து புல்லாங்குழல் வந்தது. கல்மண்டபம் முதல் காசிமேடு வரை அவளே நோட்டீஸ் ஒட்டினாள். நான்கு கச்சேரிக்கும் வந்தவர்கள் முறையே பதினொன்று, ஒன்பது, பதினான்கு, ஏழு. அந்த ஏழில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

அன்பரசன் கெட்டவர் இல்லை. ஆனால் செயலாளர்.

"யசோ, கேரம் கிளப்புக்காரங்க ஞாயித்துக்கெழமை சாயந்தரம் வேணும்னு ஒரே பேஜாரு. கடைசி கச்சேரில நூறு நாற்காலி ரொம்பணும். ரொம்பலன்னா அடுத்த வருசம் இந்த ஹால்ல கேரம் சத்தந்தான். அப்பால என்னிய கேக்காத."

அந்தக் கடைசிக் கச்சேரிக்கு வர ஒப்புக்கொண்டவர் ஆந்திராவின் விஜயநகரத்து வீணை வித்வான் பைடிராஜு. வயது எழுபத்து நான்கு. தமிழ் பேசுவார். படிக்கத் தெரியாது.

3

நோட்டீஸ் வேலைக்கு ஆகவில்லை, பேனர் கட்டலாம் என்று யசோதராவுக்கு சனிக்கிழமை காலையில் யோசனை வந்தது. யார்டில் ஃபோர்க்லிஃப்ட் இரைச்சலுக்கு நடுவே நின்று ஜுபைரின் வாட்ஸாப்புக்கு அனுப்பினாள்: வித்வானின் கறுப்பு வெள்ளைப் படம், பெயர், ஊர், ஞாயிறு மாலை ஐந்து மணி, தொழிலாளர் நலக்கூடம், 'இப்படிக்கு, இசைத்தொடர் நண்பர்கள்'. எட்டு பேனர் வேண்டும், எந்தெந்த முனையில் கட்ட வேண்டும் என்பதையும் எழுதினாள். அவ்வளவுதான்.

ஜுபைர் உடனே போன் செய்தார். வழக்கமாக நாலு தடவை 'நாளைக்குக்கா' என்பவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி, "நீங்க எதப் பத்தியும் கவலப்படாதீங்கக்கா. எல்லாத்தயும் ஓரம் வச்சிட்டு ஒங்கள்து மொதல்ல போடுறேன். சாயந்தரத்துக்குள்ள கட்டிடுவோம்" என்றார்.

சங்கீதத்துக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று யசோதரா நெகிழ்ந்துபோனாள்.

4

ஞாயிறு மூன்றரை மணிக்குக் கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். எதிரே பத்தடி உயரத்தில் பைடிராஜு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே ரோஜா, தலைக்கு மேல் பறக்கும் ஒரு வெள்ளைப் புறா. புறாவுக்கும் மேலே, பஸ்ஸிலிருந்தே படிக்கிற அளவு எழுத்தில்:

கண்ணீர் அஞ்சலி.

அங்கேயே நின்று போன் போட்டாள். "ஜுபைர், இன்னா பண்ணி வச்சிகீற?"

"மனச தேத்திக்கோங்கக்கா."

"யோவ், அவரு உசுரோட கீறாரு! கச்சேரிக்கு வராரு!"

ஜுபைர் ஓடிக்கொண்டிருந்த பிரின்டரை நிறுத்தினார்.

"அப்ப ஏங்க்கா தலைப்பு அனுப்பல? பர்த்டேகாரன் தலைப்பு மட்டுமே பத்து லைன் அனுப்புவான், சிங்கமே தங்கமேன்னு. தலைப்பில்லாம கறுப்பு வெள்ள போட்டோ வந்தா அது சாவு வூடு. சாவு வூட்ல போயி இன்னா எழுதணும்னு கேப்பாங்களா? நாமளா பாத்து போட்டுக்கணும். இருவது வருசமா அப்டித்தான்க்கா செய்றேன். ஒருத்தரும் கொற சொன்னதில்ல."

"செத்தவன் எப்டிய்யா கொற சொல்வான்? மொதல்ல எல்லாத்தயும் அவுருய்யா!"

5

ஹாலுக்கு ஓடினாள். வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே நூற்றிருபது நாற்காலியும் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஆண்களெல்லாம் வெள்ளைச் சட்டை, பலர் மடியில் மாலை. முதல் வரிசையில் கல்மண்டபம் மார்க்கெட்டில் கீரை விற்கும் பூவம்மா உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா நீ? பொண்ணா?"

"இல்லக்கா. நான்தான் ஏற்பாடு பண்ணேன்."

"நல்லாருப்பே. பாடி எப்ப வரும்?"

யசோதராவுக்கு வாயில் வந்தது உண்மை மட்டுமே. "வந்துகினு இருக்காரு."

"எதுல?"

"வேன்ல."

"ஒரு ஆம்புலன்ஸு கூடவா கெடைக்கல அந்த மன்சனுக்கு?"

"அவர ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. பேனர்ல பொண்டாட்டி பேரு இல்ல, புள்ள பேரு இல்ல. நண்பர்கள்னு மட்டும் போட்டுகீது. வெளியூரு மன்சன், நம்ம தெருவுல நாதியத்துக் கெடக்கக் கூடாதுல்ல? அதான் தெருவே கெளம்பி வந்துகீது."

யசோதரா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "போன நாலு வாரமும் இங்க கச்சேரி நடந்துச்சே. நோட்டீஸ் பாக்கலியா?"

"பாத்தேன், ஏங்கடை செவுத்துலயே ஒட்டின. நீ வந்து கூப்ட்டியா? சாவுக்குக் கூப்புட வேணாம், வந்துருவோம். நல்லதுக்குக் கூப்டாம வந்து குந்திக்க நாங்க இன்னா மானங்கெட்டவங்களா?"

நான்கு வாரமாக அவள் ஒட்டிய நோட்டீஸ்களில் பெரிய எழுத்தில் இருந்தது: அனைவரும் வருக. அனைவரும் என்றால் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை என்று அர்த்தம்.

6

இங்கேதான் எனக்கு யசோதரா மேல் சந்தேகம் வந்தது. ஐந்து மணி வரை வாயைத் திறக்காமல் இருந்தால் நூறு நாற்காலி அவள் கையில். என்னை அந்த இடத்தில் நிறுத்தினால் நான் மூச்சுகூட விட்டிருக்க மாட்டேன். அதனால் முதலில் அவளைச் சும்மா நிற்கவைத்து எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது, அவள்தான் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களை ஏமாற்றி உட்காரவைக்கிற பெண்ணாக அவளை என்னால் இரண்டு பத்திக்கு மேல் நடத்த முடியவில்லை.

ஆகவே மைக்கைப் பிடித்தாள். சொல்லிவிட்டால் எல்லாரும் எழுந்து போவார்கள், ஞாயிற்றுக்கிழமைகளும் கூடவே போகும். தெரிந்தேதான் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. நம்ம பைடிராஜு ஐயா..."

ஓடிவந்த வியர்வை கண்ணில் இறங்க, கைக்குட்டையால் துடைத்தாள். முன்வரிசை அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அழ ஆரம்பித்தது. வாசலில் வேன் வந்து நின்றது.

7

வேனின் பின்கதவைத் திறந்து இரண்டு பேர் ஒரு நீளப் பெட்டியை மெதுவாக இறக்கினார்கள்.*

"ஐயோ, பொட்டி வந்துருச்சே!" பூவம்மா மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். ஒப்பாரியின் முதல் வரி கிளம்பிவிட்டது. அப்போது டிரைவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து பட்டுச் சால்வையோடு ஒரு பெரியவர் இறங்கினார்.

"பத்திரம் பத்திரம். வீணைக் குடம் அடிபட்டா என் உயிரே போயிடும்."

பூவம்மா அவர் முகத்தைப் பார்த்தார். எதிர்க் கம்பத்தில் இன்னும் அவிழ்க்காத பேனரைப் பார்த்தார். மறுபடி முகத்தை.

"நைனா! நீ உசுரோடவா கீற!"

இரண்டு கையாலும் அவர் முகவாயைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் விசில் பறந்தது. உயிரோடு இருக்கிறான் என்பதற்காக மட்டும் ஒரு மனிதனுக்கு அப்படிக் கைதட்டல் கிடைத்து நான் கேள்விப்பட்டதில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். வாங்கிய மாலையை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. எல்லாமே அவர் கழுத்துக்குப் போயிற்று. நாற்பத்துச் சொச்சம் மாலைக்குள்ளிருந்து பைடிராஜு கை கூப்பினார். வடசென்னையின் வரவேற்பு முறை இது என்று நினைத்துக்கொண்டார்.

* வீணைப் பெட்டி. ஐந்தடிக்குக் குறையாது. அழுகிற கண்ணுக்கு இன்னும் கூடுதலாகவே தெரியும்.

8

இனிமேல் கலைந்துவிடுவார்கள் என்று அன்பரசன் வாசலில் காத்திருந்தார். ஒருவரும் கலையவில்லை. வந்த இடத்தில் எல்லாம் முடிவதற்கு முன் எழுந்து போகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. இரண்டரை மணி நேரம், மங்களம் வரைக்கும் உட்கார்ந்தார்கள். ராகம் புரிந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். எல்லார் கண்ணும் அந்த விரல்கள் மேல்தான். செத்துப்போனதாக நினைத்தவரின் கை தந்தியில் ஓடுவதைப் பார்க்கக் கசக்கிறதா என்ன? ஒரு வேகமான இடத்தில் பூவம்மா, "அப்டிப் போடு நைனா!" என்றார். வித்வான் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை போட்டார்.

முடிந்ததும் அன்பரசன் வந்தார். "யசோ, இது கள்ளாட்டம். இவங்கல்லாம் சாவுக்கு வந்தவங்க."

"நாற்காலி ரொம்பணும்னு சொன்ன. எதுக்கு வந்து குந்தணும்னு சொன்னியாண்ணா?"

"இருந்தாலும்..."

"இன்னா இருந்தாலும்?" பூவம்மா குறுக்கே வந்தார். "அடுத்த வருசமும் நடக்கட்டும். ஆனா இந்தப் பொண்ணு வூட்டுவூட்டுக்கு வந்து வாய் தொறந்து கூப்புடணும். கூப்புடுவியா?"

"கூப்புடுறேன்க்கா."

"கேட்டுக்கினியா? அவ்ளோதான், போ."

அன்பரசன் கழுத்தைச் சொறிந்தார். "சரி, கேரம சனிக்கெழமைக்கு தள்ளிக்கிறேன்."

யசோதரா காலியான ஒரு நாற்காலியில் போய் விழுந்தாள். மூன்றரை மணியிலிருந்து உள்ளேயே பிடித்து வைத்திருந்த மூச்சை முழுசாக விட்டாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் விட்டேன். ஆனால் ஜுபைர் அதற்குப் பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

9

ரயிலுக்குக் கிளம்பிய பைடிராஜு வாசலில் நின்றுவிட்டார். ஜுபைர் ஏணி போட்டு எதிர்க் கம்பத்துப் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வித்வான் அதையே பார்த்தார். விளக்கு, ரோஜா, புறா. அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"அம்மா, அம்பது வருஷமா வாசிக்கிறேன், இவ்வளவு ஜனம் பாத்ததில்லை. எங்க ஊர் சபாவிலும் நாற்காலி காலிதான். மேலே பெரிசா என்னமோ எழுதியிருக்கீங்களே, அதைப் பாத்துதானே வந்தாங்க? என்னன்னு சொல்லுங்க. அப்படியே தெலுங்கில் எழுதிக்கிறேன். அடுத்த மாசக் கச்சேரிக்குப் போடணும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்தார்.

ஜுபைர் ஏணியில் இன்னும் ஒரு படி மேலே ஏறினார். அன்பரசனுக்குத் திடீரென்று மடிக்க வேண்டிய நாற்காலிகள் ஞாபகம் வந்தன. பூவம்மா வானத்தைப் பார்த்தார்.

மூன்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, உண்மையைச் சொல்கிறாள், அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எழுபத்து நான்கு வயதில் அதற்குச் சிரிப்பு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு, 'அனைவரும் வருக' என்று எழுதியிருப்பதாகப் பொய் சொல்கிறாள். அவர் அதை நம்பி ஊரில் போட்டு, ஏழு பேருக்கு வாசிப்பார். மூன்று, விளக்கைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் உள்ளே வந்து வாசித்தார். இது ரொம்பவே இனிக்கிறது. தர்ப்பூசணி மாதிரி தட்டிப் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன், உங்களுக்கும் விற்க மாட்டேன்.

அவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். காகிதத்தை உள்ளங்கையில் வைத்து நீவிக்கொண்டு நிற்கிறார். யசோதரா உங்களைப் பார்க்கிறாள். சட்டென்று ஏதாவது சொல்லுங்கள், சென்ட்ரலில் அவருக்கு ரயில் இருக்கிறது.