மாணவர் விடை: ஆறு, குளம், கிணறு

1
இந்தக் கதை ஒரு கட்டத்தில் பிறந்தது. வாழ்க்கையின் முக்கியக் கட்டம் என்று பதற வேண்டாம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டம். பி.எட். படித்த தோழியின் பாடக்குறிப்பு நோட்டில் பார்த்தேன். தலைப்பு, ‘மாணவர் விடை’. பிள்ளைகள் நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று இன்றைக்கே எழுதிவிட வேண்டுமாம். அட, நம்ம தொழில்!

2
2004. மாரெட்பள்ளிப் பள்ளிக்கூடம் இளவெயிலில் பொன்னாக [அடித்துவிட்டேன். சந்தானம் வெயிலைப் பார்க்கிறவர் இல்லை.]

கடைசி பெஞ்சில் சந்தானம் அமர்ந்தார். கல்லூரி அனுப்பிய மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருஷ அனுபவம், இருபது அம்ச மதிப்பெண் படிவம். சௌம்யாவுக்கு இது கடைசிப் பயிற்சி வகுப்பு. தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் ஜூனில் வேலை.

“தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள் சௌம்யா. நோட்டில் விடை தயார்: ஆறு, குளம், கிணறு.

“டேங்கர், மேடம்! நின்ன ராலேது!” என்று தெலுங்கில் கத்தினாள் மெட்டுகுடாவிலிருந்து வரும் அக்ஷதா. நேற்று வரவில்லையாம்.

வகுப்பே கிளம்பிவிட்டது. குட வரிசை, குடுமிப்பிடி, எந்த டிரைவர் நல்லவர். சௌம்யா நோட்டை மூடினாள். “சரி, டேங்கருக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள்?”

நாற்பது தலைகள் யோசித்தன. மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, சந்தானம் உட்பட.

(அடிக்குறிப்பு: வழக்கமாக இந்நேரம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.)

3
“என்னம்மா இது? ஆறு, குளம், கிணறுன்னு எழுதியிருக்கே. டேங்கர் எங்கேர்ந்து வந்தது?”

“மெட்டுகுடாலேர்ந்து சார்.”

“தமாஷ் நக்கோ, வேணாம்! ஏழாவது அம்சம் பாரு. எதிர்பார்த்த விடை பெறப்பட்டதா? இதுல சைபர் போட்டா நீ ஃபெயில்.”

இங்கே சௌம்யா அழுவதாக எழுதி வைத்திருந்தேன். அவள் விழிகளில் ததும்பிய நீர் [வேண்டாம். அதற்கும் டேங்கர் வர வேண்டும்.] அவளோ வேறு கேட்டாள்:

“சார், அந்தக் கட்டத்த கிளாஸ் முடிஞ்சப்புறம் எழுதக் கூடாதா?”

சந்தானத்துக்கும் கம்பீரமான ஒரு பதில் தயாராக இருந்தது. அவரோ படிவத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். எத்தனை நூறு வகுப்புகள், எத்தனை நூறு ஆறு, குளம், கிணறு! மணி அடித்துவிட்டதே என்று ஒன்றிலாவது வருத்தப்பட்டிருக்கிறாரா? பேனா ஏழாவது கட்டத்தின் மேல் நின்றது.

4
முடிவு அ: சைபர். முடிவு ஆ: முழுசாக ஐந்து, கல்லூரி முதல்வரிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். முடிவு இ: பேனாவில் மை தீர்ந்து [சீ].

என் குறிப்பிலும் ஒரு கட்டம் உண்டு: ‘வாசகர் விடை’. கதை தொடங்குமுன்பே ‘ஐந்து’ என்று நிரப்பி வைத்திருந்தேன். இப்போது அழித்துவிட்டேன். பேனாவைப் பிடியுங்கள். சௌம்யா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

ஏழாவது அம்சம்: ______