வலிக்காத கட்டி

இறந்துபோன இராஜம்மாவின் உடம்பில் தண்ணீர் ஊற்றும்போது, ஆபரேஷன் செய்த இடம் கண்ணில் படாமலிருக்கப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திலகம் மட்டும் பார்த்தாள். இடது மார்பு இருந்த இடத்தில் நீளத் தழும்பு. ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். அவளுக்கும் அதே பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. தீபாவளி சமயத்தில் தட்டுப்பட்டது. இராஜம்மா அண்ணியிடம் சொல்லப் போனபோது, அண்ணி ஒரு வாய்க் கஞ்சிக்கே திணறிக்கொண்டிருந்தாள். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டாள்.

இராஜம்மா, திலகத்தின் கணவன் உமாபதிக்கு அக்கா; திலகத்துக்கு அண்ணி முறை. ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு பேப்பரில் உடல்நலக் கட்டுரை எழுதுவாள். எழுதியதும் முதலில் திலகத்துக்குத்தான் படித்துக் காட்டுவாள். "உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்லா" என்று சிரிப்பாள். எண்பத்து நாலில், தனக்கு வந்த புற்றுநோயைப் பற்றியே பெயர் போட்டு எழுதினாள். திலகத்தின் மகள் ரமணிக்குக் கெர்லிங் ஊரில் பேசியிருந்த சம்பந்தம் அதோடு சத்தமில்லாமல் நின்றுபோனது.

குளிப்பாட்டி முடிந்ததும் உமாபதி பின்வாசலுக்கு வந்தான்.

"யாராச்சும் கேட்டா வயித்து நோவுன்னு சொல்லு."

"ஊருக்கே தெரியுமேங்க."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது. நம்ம வாயால வேணாம். அத்தைக்கு இருந்துச்சுன்னே எம்பொண்ண ஒதுக்கிட்டானுங்க."

அம்மாவுக்கும் இருக்கிறது என்று தெரிந்தால்? திலகம் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் போனபிறகு தண்ணீர் டிரம்மருகே நின்றிருந்த இளம்பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள்.

"நான் வேலம்மா, அக்கா. தஞ்சோங் காராங்லேருந்து வாரேன். அவங்க எழுதுறத விடாம படிப்பேன்." குரலைத் தாழ்த்தினாள். "கட்டி வலிக்கலேன்னா பயமில்லதானே? அவங்களயே கேக்கணும்னு இருந்தேன்..."

திலகம் சுற்றிலும் பார்த்தாள்.

"வலிக்காட்டியும் டாக்டருகிட்ட காட்டணும். அண்ணி சொல்லியிருக்காங்க."

"தனியா போவ பயமா இருக்குக்கா."

திலகம் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு, "திங்கக்கிழமை கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போவலாம். கோலசிலாங்கூர் பஸ் ஸ்டேஷனுக்கு வந்துரு" என்றாள்.

"பதினாறாம் நாள் காரியம் முடியாம உங்கள விடுவாங்களா?"

"தெரியல. நான் வரலேன்னாலும் நீ போயிரும்மா."

"திலகம்! வாய்க்கரிசி போட வா!" உமாபதி கூப்பிட்டான். அருகே போனதும், "யாரது?" என்றான்.

"அண்ணிக்குத் தெரிஞ்சவங்க."

அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, ரமணி அழுதுகொண்டே வந்து அவள் நெஞ்சில் சாய்ந்தாள். திலகம் மகளின் தலையை மெல்லத் தன் வலப்பக்கம் மாற்றி அணைத்துக்கொண்டாள்.