பெயர்ப்பலகையில் இருந்த பாஸ்வேர்டு

கீலுங் துறைமுக ஊரில் மழை பெய்தால் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இரண்டு நாள் பெய்யாமல் இருந்தால்தான், "வானத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் குடையும் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் விற்கிற கடை சின்தாங்குடையது. கீழே கடை, மேலே வீடு. கடைக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். நிறுத்தத்தின் கூரை நாலு பேருக்குக்கூடப் போதாது என்பதால் மொத்தக் கூட்டமும் சின்தாங் கடைத் தாழ்வாரத்தில்தான் ஒதுங்கும். ஒதுங்கட்டும், அதில் இரண்டு பேராவது குடை வாங்குவார்கள் என்று அவரும் விட்டுவைத்திருந்தார்.

ஒதுங்கியவர்கள் சும்மா ஒதுங்கவில்லை என்பதுதான் இப்போது சிக்கல்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வைஃபை மாட்ட வந்தவன், "பாஸ்வேர்டு என்ன போடட்டும் ஐயா?" என்று கேட்டபோது, சின்தாங் யோசிக்கவே இல்லை. "கடை போன் நம்பரைப் போடு. மறந்துபோனா வெளிய போய் நிமிர்ந்து பார்த்துக்கலாம்" என்றார். அந்த நம்பர் கடையின் பெயர்ப்பலகையில் ஆளுயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் இருந்தது. வைஃபையின் பெயரோ கடையின் பெயர். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டி மேலேயே வைத்த கதைதான். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதலில் கண்டுபிடித்ததோ தெரியாது, இந்த இலையுதிர் காலத்தில் ஊருக்கே தெரிந்திருந்தது.

சின்தாங்குக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கடலில் யாரோ ஒருவன் படகில் உட்கார்ந்து மீன் பிடிப்பதை, சாயங்காலம் கடையில் உட்கார்ந்தபடி நேரலையில் பார்ப்பார். அன்றைக்குத் தூண்டில் வில்லாக வளைந்தது. படகுக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அத்தோடு படம் நின்றுவிட்டது. மீன் வந்ததா போனதா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

"சூயுன்!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். "இந்தப் பசங்க என் மீனைத் திங்கிறானுங்க! நாளைக்கே பாஸ்வேர்டை மாத்து!"

"ஏன், உங்க கைக்கு என்ன வந்தது?"

"அந்த வைஃபை கம்பெனிக்கு போன் பண்ணினா பாட்டுப் போட்டுக் காக்க வைப்பான். எனக்கு ஆகாது."

அதுவும் உண்மைதான். காத்திருப்பது, மன்னிப்புக் கேட்பது, இரண்டும் சின்தாங்குக்கு ஆகாது. முப்பத்தெட்டு வருஷமாக இரண்டையும் அவருக்காக சூயுன்தான் செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் மாடியில் உட்கார்ந்து போன் செய்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணின் குரல் நல்ல பொறுமையான குரல்.

"இப்ப உங்க வைஃபையில யார் யார் இருக்காங்கன்னு ஒரு பட்டியல் தெரியுதாம்மா?"

"தெரியுது. அம்மாடி! நாப்பது பேர் இருக்காங்களே! 'பசிக்குது'ன்னு ஒரு பேர். 'கணக்கு வாத்தியார் ஒழிக'ன்னு ஒரு பேர்."

அந்தப் பெண் சிரித்தாள். "அதெல்லாம் போன்களோட பேரும்மா. பாஸ்வேர்டை மாத்தினதும் எல்லாம் அறுந்துடும். உங்க வீட்டு ஆளுங்க மட்டும் புதுசு போட்டு வந்துக்கலாம். மேல ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதை…"

சூயுனுக்குக் காது கேட்கவில்லை. பட்டியலின் அடியில் ஒரு பெயரை அவள் பார்த்துவிட்டாள். வான்ரூ. பக்கத்தில் பதினேழு நிமிடம் என்று போட்டிருந்தது.

வான்ரூ அவளுடைய மகள். எட்டு மாதமாக இந்த வீட்டுப் படியை மிதிக்காத மகள்.

குளிர்காலத்தில் வருகிற வருஷப் பிறப்புக்கு முந்தின ராத்திரி, குடும்பமே கூடிச் சாப்பிடுகிற ராத்திரி, வான்ரூ கையில் ஒரு பையோடு வந்து நின்றாள். அண்ணனும் அண்ணியும் தெற்கே காவ்சியுங் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அவளும் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். கட்டிக்கொடுத்த பெண் அந்த ராத்திரி பிறந்த வீட்டு மேசையில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அண்ணன் குடும்பத்துக்கு ஆகாது என்பது சின்தாங்கின் அப்பா காலத்துச் சட்டம். "நாளன்னைக்கு மாப்பிள்ளையோட முறையா வா. இப்ப உன் வீட்டுக்குப் போ, அவர் காத்திருப்பார்" என்றார் சின்தாங். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வான்ரூவும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காத்திருக்க மாப்பிள்ளை இல்லை, போக வீடும் இல்லை என்பது இரண்டு வாரம் கழித்து வேறொருவர் வாயால் தெரிந்தது. விவாகரத்து ஆகி அப்போதே ஒரு மாதம் ஆகியிருந்ததாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் பாவி.

அதைக் கேட்ட நாளில் சின்தாங் சாப்பிடவில்லை. மகளின் நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். அவ்வளவுதான் அவருக்கு முடிந்தது. சூயுன் அனுப்புகிற செய்திக்கெல்லாம் வான்ரூவிடமிருந்து தலையாட்டும் பூனைப் படம் ஒன்று வரும். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பல் மருத்துவரிடம் வேலை, அங்கேயே பக்கத்தில் ஓர் அறை. குளிர்த்துணி அனுப்ப விலாசம் கேட்டபோது தெரிந்தது அது மட்டும்தான். இந்த நிறுத்தத்தில் நிற்கிற எந்த பஸ்ஸும் அந்தப் பக்கம் போகாது.

சூயுன் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே குடைகள், குடைகளுக்கு நடுவே மழைக்கோட்டுத் தொப்பிகள். எது தன் பிள்ளை என்று எப்படித் தெரியும்?

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? பட்டனை அழுத்தினீங்களா?"

"இல்லம்மா. இன்னைக்கு வேணாம். இன்னைக்கு வேணவே வேணாம்" என்று சூயுன் போனை வைத்தாள்.

அடுத்த மூன்று நாளும் சாயங்காலமானால் அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. ஐந்தே முக்காலுக்கு அந்தப் பெயர் வரும். இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கும். போய்விடும். இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தால் என்ன என்று மனசு அடித்துக்கொண்டது. வாசலுக்கு வருகிற பூனையைத் தூக்கப் போனால் மறுநாள் வாசலுக்கும் வராதே என்று பயமாகவும் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க மனசில்லாமல்தானே தாழ்வாரத்தோடு போகிறாள்? போகட்டும், வருகிறாளே. சூயுன் அந்த இருபது நிமிடமும் போனை மடியில் வைத்துக்கொண்டு, மகள் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார், அல்லது வீம்புக்கு ஏதாவது சொல்லிவைப்பார்.

"மாத்திட்டியா?"

"பெட்டி கேக்க மாட்டேங்குது."

"நேத்தும் இதையே சொன்ன."

"நேத்தும் கேக்கல."

நான்காம் நாள் சனிக்கிழமை. சூயுன் மீன் வாங்கச் சந்தைக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பி வந்தாள். தனிப்பயிற்சி வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் தாழ்வாரத்தில் இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றிருந்தார்கள்.

"அத்தை, உங்க வைஃபை செத்துப்போச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சூயுன் விடுவிடுவென்று கடைக்குள் போனாள். உள்ளே சின்தாங் நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தார். எதிரே படகுக்காரன் தடையில்லாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நானே முடிச்சிட்டேன்!" என்றார். "பாட்டை எல்லாம் கேட்டு முடிச்சு, நானே மாத்தினேன். எட்டு நாள் ஆனாலும் நீ மாத்த மாட்ட. இப்ப பாரு, எப்படி ஓடுது!"

சூயுன் மீன் பையைக் கீழே போட்டாள்.

"உங்க மீன் நல்லா ஓடட்டும். அவளை ரெண்டாவது தடவையும் வெளிய தள்ளிட்டீங்க."

"யாரை?"

"நம்ம பொண்ணைத்தான்! தினமும் வரா. தினமும் இங்கதான், இந்தத் தாழ்வாரத்துலதான் நிக்கிறா. அவ போன் நம்ம வைஃபையில ஒட்டும், நான் மேல உக்காந்து அவ பேரைப் பார்த்துட்டிருப்பேன். இந்த வீட்ல அவளுக்குத் திறந்திருந்தது அது ஒண்ணுதான். இன்னும் பத்து நிமிஷத்துல வருவா. போன் ஒட்டாது. அதையும் அடைச்சிட்டாங்கன்னு நினைச்சிட்டுப் போயிடுவா. நாளைக்கு வர மாட்டா."

சின்தாங்கின் கால் நின்றது. படகுக்காரன் ஏதோ பெரிதாக இழுத்தான், அவர் பார்க்கவில்லை. பிறகு தடவித் தடவிப் போனை எடுத்தார்.

"எதை எதை அழுத்தினேன்னே தெரியலையே. அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல அழுத்தினேன்" என்றபடி அதே நம்பருக்குப் போட்டார். பாட்டு ஆரம்பித்தது. சின்தாங் இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார். கழுத்துப் பக்கம் சிவந்திருந்தது.

சூயுன் வெளியே ஓடினாள். ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். "என்ன அத்தை, யாரைத் தேடுறீங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஐந்தே முக்கால் ஆனது. ஆறு ஆகப்போனது. மூன்று பஸ் வந்து போயிற்று. வான்ரூ இல்லை. வந்திருப்பாள், ஒட்டவில்லை என்று பார்த்திருப்பாள், திரும்பிப் போயிருப்பாள். சூயுன் நனைந்த தலையோடு கடைக்குள் வந்து, விற்கிற பூட்ஸ்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். சின்தாங்கின் காதில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடமாக மனிதர் அசையவில்லை.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மாடியில் யாரும் இல்லையே என்று இருவரும் நிமிர்ந்தார்கள்.

"அம்மா? அம்மா!"

வான்ரூ படியில் நின்றாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் பின்பக்கச் சந்துக் கதவின் சாவி இருந்தது. எட்டு மாதமாக அவள் திருப்பிக் கொடுக்காத சாவி.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள், மூச்சிரைக்க. "மேல விளக்கே இல்ல. கூப்பிட்டா யாரும் பதில் சொல்லல. அப்பாவுக்கா? அப்பா…" அப்பா போனோடு நிற்பதைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"ஒண்ணும் ஆகலடி" என்றாள் சூயுன்.

"வைஃபை வரலையே!" வான்ரூவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "தினமும் போன் ஒட்டும். ஒட்டினா வீட்ல எல்லாம் சரியா இருக்கு, அப்பா மீன் பார்த்துட்டிருக்கார்னு நினைச்சிட்டுப் போயிடுவேன். இன்னைக்கு ஒட்டல. எப்பவும்போல சந்துக் கதவு பக்கத்துலயே நின்னு பத்து நிமிஷம் பார்த்தேன். ஒட்டவே இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களோன்னு…" மழைக்கோட்டுக் கையாலேயே மூக்கைத் துடைத்தாள்.

மேலே உட்கார்ந்து ஒருத்தி மகளின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால், கீழே நின்று இன்னொருத்தி வீட்டின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சின்தாங் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் வரிசை போய்விடும் என்ற பயமோ, கையில் ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததோ.

"அன்னைக்கு எனக்குத் தெரியாதும்மா" என்றார். "தெரியாதுங்கறதை விடு. தெரியாட்டியும்தான் என்ன? சாப்பிட்டுட்டிருந்த பிள்ளையை எழுப்பி அனுப்பிட்டேன். தப்பு. என்னை மன்னிச்சிடு."

முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து சூயுன் முதல் தடவையாகக் கேட்டாள்.

வான்ரூ படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "இறால் பாதி வாயில இருந்தது எனக்கு" என்றாள். "முழுங்கவும் முடியாம, துப்பவும் முடியாம, பஸ் ஏறுற வரைக்கும் மென்னேன்."

"இந்த வருஷம் முழு இறாலா தின்னு. வருஷ ராத்திரிக்கு இங்கதான் உக்காரணும்" என்றார் சின்தாங்.

"அண்ணனுக்கு ஆகாதே?"

"உங்கண்ணனா? நீ போனப்பகூட அவன் தலை நிமிரல. உன் பங்கையும் சேர்த்துத் தின்னான். அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

வான்ரூ அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. பொறுமையான குரல் ஒன்று கடை முழுக்கக் கேட்டது. பதற்றத்தில் சின்தாங் எந்த பட்டனையோ அழுத்தியிருக்க வேண்டும்.

"வணக்கம் ஐயா, காத்திருந்ததுக்கு நன்றி. சொல்லுங்க."

"பாஸ்வேர்டை மாத்தணும்மா. பழையபடி எங்க கடை போன் நம்பரையே போடணும்."

"ஐயா, மத்தியானம்தானே மாத்தினீங்க? அது பாதுகாப்பு இல்ல ஐயா. பலகையில இருக்கற நம்பர்னு நீங்கதான் சொன்னீங்க. யார் வேணும்னாலும் உள்ள வந்துடுவாங்க."

சின்தாங் படியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

"வரட்டும்மா" என்றார்.

அந்தப் பெண் எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். வான்ரூ எழுந்து வந்து, "குடுங்கப்பா, நான் அழுத்தறேன்" என்று போனை வாங்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் வெளியே தாழ்வாரத்தில் பிள்ளைகள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். கடையில் படகுக்காரன் தூண்டிலை ஓங்கியபடி அப்படியே உறைந்து நின்றான்.

சூயுன் தரையில் கிடந்த மீன் பையை எடுத்துக்கொண்டு, மூன்றாவது கிண்ணத்தைக் கழுவி வைக்க மாடிக்குப் போனாள்.