நாலு பேர் போகிற வண்டி

வண்டியில் படுக்கை இருக்கிறது என்று நான் வாயை விட்டதுதான் தப்பு. படுக்கை இருந்தால் மடக்கலாம், மடக்கினால் ஆள் உட்காரலாம் என்று என் கணவரின் அண்ணன் அய்யாக்கண்ணுவுக்கு அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

"நாலு பேருக்கு எதுக்கு வனிதா இம்மாம் பெரிய வண்டி? காலியாப் போனா பாக்குறவன் சிரிக்க மாட்டானா?"

சிரிக்கட்டுமே! சிரிப்பவனுக்காகவா நான் வண்டி பிடித்தேன்?

என் கணவர் எழிலரசன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இந்த முறை வந்து இறங்கியபோது, மூன்று வயது வெற்றிசெல்வன் வாசலில் நின்ற அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். என் செல்போனை எடுத்து வந்து, "அப்பாவுக்குப் போன் போடும்மா" என்றான். முதல் வகுப்புப் படிக்கும் கார்முகில் அதைவிட மோசம். அப்பாவிடம் எது வேண்டுமானாலும் என் காதில் சொல்லி, என்னைக் கேட்கச் சொல்வாள். எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். நேராக ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அதற்காகத்தான் இந்தப் பயணம். அரையாண்டு விடுமுறையோடு இன்னும் சில நாள் லீவு சேர்த்து, நாங்கள் நாலு பேர் மட்டும். சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற கேரவன் அளவுக்கு இல்லை என்றாலும், படுக்கையும் கேஸ் அடுப்பும் சின்னக் கழிப்பறையும் வைத்த வேன் ஒன்று திருச்சியில் வாடகைக்குக் கிடைத்தது. டிரைவர் வேண்டாம், நாமே ஓட்டலாம்; லைசென்ஸ் எங்கள் இருவருக்குமே இருக்கிறது. ஒரே வண்டிக்குள் தின்று, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு கிடந்தால் எந்தப் பிள்ளையும் அப்பாவிடம் பேசித்தானே ஆக வேண்டும்?

சுவரில் இந்திய வரைபடத்தை ஒட்டி, தங்கும் ஊரிலெல்லாம் என் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேரைப் பார்க்க வேண்டும் என்றாள் கார்முகில். அதனால் ஹம்பியில் மட்டும் பெரிய சிவப்புப் பொட்டு. வெற்றிக்கு வண்டி ஏறினால் வாந்தி வரும். ஆகவே காலையில் கொஞ்ச தூரம், சாயங்காலம் கொஞ்ச தூரம், நடுவில் மண்ணில் இறக்கி விளையாட விட வேண்டும். அவர் ஓட்டுவார், நான் பின்னால் வாந்திப் பையோடு உட்காருவேன் என்பதுவரை பேசி முடித்திருந்தோம்.

இதற்குள்தான் அய்யாக்கண்ணு மாமா புகுந்தார். முதலில் அவரும் சொர்ணம் அக்காவும் மட்டும் என்றார். அடுத்து சொர்ணம் அக்காவின் அப்பா, அம்மா. அப்புறம் சித்தப்பா வீட்டில் இருவர். ஹம்பி போய்விட்டது, காசி வந்துவிட்டது. "புள்ளைங்கதான, மடியில வச்சுக்கிட்டாப் போச்சு" என்றார். வண்டிக்காரனுக்கு அவரே போன் செய்து, படுக்கையைக் கழற்றிவிட்டு சீட் போட முடியுமா என்று கேட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை!

என் கணவர் என்ன செய்தார் என்கிறீர்களா? தலையை ஆட்டினார். அண்ணன் எதைச் சொன்னாலும் ஆடும் தலை அது. தனியாகக் கேட்டால், "பாப்போம், பாப்போம்" என்பார்.

நான் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். "மாமா, இது புள்ளைங்களுக்காகப் போறது. காசிக்கு நீங்க தனியா ஒரு வண்டி புடிச்சுப் போயிட்டு வாங்க."

சொர்ணம் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாமா என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். "ஒன் பொண்டாட்டி சொல்றது ஒனக்குச் சம்மதமாடா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். பிறகு, ஏதோ பெரிய வழி கண்டுபிடித்தவர் போல, "சாமிகிட்டக் கேட்டுருவோம்ண்ணே. பூ போட்டுப் பாப்போம்" என்றார்.

எங்கள் வீட்டில் கல்யாணமோ, வீடு கட்டுவதோ, நீண்ட பயணமோ, குலதெய்வத்திடம் பூ போட்டுக் கேட்காமல் எதிலும் இறங்க மாட்டார்கள். வெள்ளை அரளியை ஓர் இலையில் மடித்துக் கட்டுவார்கள், செவ்வரளியை இன்னொன்றில். சாமி முன்னால் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் யாரும் கிளம்பக்கூடாது, அதற்கு மேல் பேச்சே கிடையாது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் வெள்ளை வந்தால் வண்டி கிளம்பும், ஆள் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை குளத்தூர்ப் பக்கம் எங்கள் அய்யனார் கோயிலுக்குப் போனோம். பூசாரி ராக்கன் மணி அடித்தார். இரண்டு பொட்டலமும் சாமி முன்னால் கிடந்தன. கார்முகில் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். கல் தேரைத்தான் கேட்டிருப்பாள். ஒரு பொட்டலத்தை எடுத்து ராக்கனிடம் கொடுத்தாள்.

நாரைப் பிரித்தார். செவ்வரளி.

"சாமி வேணாங்குது," என்றார் ராக்கன். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கும் முகம் விழுந்துவிட்டது, பாவம், காசியும் போயிற்று அல்லவா? கார்முகில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "நான் தப்பா எடுத்துட்டேனாம்மா? என்னாலதான் போகலயா?" கேட்கும்போதே உதடு பிதுங்கி அழுதுவிட்டாள்.

அந்த அழுகைதான் என்னைக் கிளப்பியது. அடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருப்பதைக் காட்டி, இதுவும் உன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, உன் தப்பு இல்லை என்று சொல்லலாமென்று குனிந்து எடுத்தேன். ராக்கன் தடுப்பதற்குள் பிரித்துவிட்டேன்.

அதிலும் செவ்வரளி.

மாமா முகம் விழுந்ததுகூட நடிப்புதான் என்று தோன்றிவிட்டது. "மாமா! சின்னப்புள்ள கையில போயி இப்புடி விளையாடுவீங்களா?" என்று கத்தினேன்.

மாமா திகைத்து நின்றார். "ஆத்தா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

ராக்கன் தொண்டையைச் செருமினார். "நாந்தான் கட்டுறதும்மா. இன்னைக்குத் தம்பி நானே கட்டுறேன்னு பூவ வாங்கிட்டு அங்கிட்டுப் போனாரு."

எல்லாரும் எழிலரசனைப் பார்த்தோம். அவர் வேப்பமரத்தடிக்கு நகர்ந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணன்கிட்ட வேணாம்னு சொல்ல முடியல வனிதா. சாமியே வேணாம்னுட்டா யாருக்கும் மனத்தாங்கல் இருக்காதுல்ல. அடுத்த லீவுல நாம மட்டும் சத்தமில்லாமப் போயிக்கலாம்னு..."

"அடுத்த லீவா? அதுக்குள்ள ஒங்க மகன் ஒங்களப் போன்லயே வச்சு வளந்துருவான். அண்ணன் மனசு நோகக்கூடாது, சரி. இந்தப் புள்ள மனசு? தன்னாலதான் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு அழுவுதே, அது கண்ணுல படலயா? ஒரு 'வேணாம்' சொல்ல அய்யனாரக் கூப்புடணுமா ஒங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் நிறுத்தவில்லை. "போங்க. போயி அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

போனார். மகளுக்கு முன்னால் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீ தப்பா எடுக்கலடா. ரெண்டுலயும் சிவப்புதான் இருந்துச்சு. அப்பாதான் வச்சேன்."

கார்முகில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அப்ப நாம போறோமான்னு கேளும்மா."

"நான் கேக்க மாட்டேன். நீயே கேளு," என்றேன்.

அவள் கேட்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். திறந்தவருடைய கண், பழக்க தோஷம், அண்ணன் நின்ற இடத்துக்குப் போனது. கார்முகிலும் திரும்பி அங்கே பார்த்தாள். பிறகு முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினாள்.

"பரவால்லப்பா. பெரியப்பாகிட்டக் கேட்டுட்டே சொல்லுங்க."

அதில் கோபமில்லை, கிண்டலில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல மரியாதையாகச் சொன்னாள். நான் அவ்வளவு நேரம் கத்தியதற்கெல்லாம் குனிந்தே இருந்த மனிதர், அதைக் கேட்டு எழுந்துவிட்டார்.

"அண்ணே, நாங்க நாலு பேருதான் போறோம். நீங்க காசிக்கு வேற வண்டி பாத்துக்கங்க." மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லார் காதிலும் விழுந்தது.

"பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளாக்கும்?" மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இல்லண்ணே. எம் மக சொன்னா."

மாமா கோபத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு செவ்வரளிப் பூக்களையும் அய்யனார் காலடியிலேயே வைத்துவிட்டு, "வேணும்னா இன்னொரு தடவ போட்டுப் பாக்கவாம்மா?" என்றார் ராக்கன். வேண்டாம் என்றேன்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. கல் தேரைப் பார்க்கும் வரைக்குமாவது இருக்கும். வண்டி வருவதற்குள் ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். ஓட்டப்போவது நான், என் பக்கத்து சீட்டு கார்முகிலுக்கு. அவர் பின்னால் உட்கார்ந்து, வெற்றியின் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.