டுவேனின் வேகம்

வெர்லின் ஹாகன் எழுதிய பேஸ்பால் கணினி விளையாட்டில் குறைகளுக்குப் பஞ்சமில்லை என்று டுவேன் டாலெஃப்சன் முப்பது வருடமாகச் சொல்லிவந்தார். அதில் மழையே பெய்யாது. மழை பெய்யாத ஜூன் மாதத்தை மின்னசோட்டாவில் இந்த மனுஷன் எங்கே பார்த்தானோ! இடது பக்கம் உயர அடித்த பந்து சிலசமயம் வேலிக்குள் சிக்கிக்கொள்ளும். ஆட்டக்காரன் அதன் எதிரே திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பான். நாம் கணினியை அணைத்துவிட்டுப் படுக்கப் போக வேண்டியதுதான். இதெல்லாம் டுவேன் வாய்விட்டுச் சொன்ன குறைகள். அவர் மனதைக் குடைந்தது ஒன்றே ஒன்று. அந்த விளையாட்டில் டுவேனின் வேகத்துக்குப் பத்துக்கு ஒன்று போட்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் வெர்லின். பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்களைப் போட அனுமதி வாங்க வேண்டும், அதற்கு அவரிடம் வசதி இல்லை. அதனால் நார்பெக் ஊர் அணியையே தூக்கி உள்ளே வைத்துவிட்டார். அதுதான் அந்த விளையாட்டின் உயிர். ஆர்லோ பந்து வீசுமுன் தொப்பியை இரண்டு தடவை தொடுவான், திரையிலும் தொட்டான். லெஸ்டர் முதல் பந்து எப்படி வந்தாலும் மட்டையைச் சுழற்றிவிடுவான், அங்கேயும் அதே அவசரம். ஜன்னல் உயரத்துக்குப் பனி குவிந்திருக்கும் சாயங்காலங்களில், டிராக்டர் கடையின் பின்னறையில் ஃப்ளாப்பி கரகரவென்று சுற்ற ஆரம்பித்தால், காபிக் கோப்பையோடு ஊரே சுற்றி நிற்கும். முழங்கால் போனவர்களும் தொப்பை வைத்தவர்களும் திரைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என்ன சந்தோஷமான குளிர்காலங்கள் அவை!

டுவேன் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காரணம், முந்தைய கோடையில் நடந்த மாவட்ட இறுதிப் போட்டி. நார்பெக் ஒரு ரன் பின்தங்கியிருந்தது, கடைசி ஆளாக லெஸ்டர் மட்டையோடு நின்றான். இரண்டாம் பேஸில் டுவேன். லெஸ்டர் வலது பக்கம் அடித்தான். டுவேன் மூன்றாம் பேஸை நெருங்கும்போது, நிற்பதா ஓடுவதா என்று சைகை காட்டும் பொறுப்பில் அங்கே இருந்த வெர்லின், கையைச் சுழற்றி ஓடு ஓடு என்றார். டுவேன் ஓடினார். ரன் கிடைக்கும் கடைசிப் பேஸான ஹோமில் அவுட். மயிரிழையில் ஆட்டம் போயிற்று. “அந்தப் பந்துக்கு எவனாவது அனுப்புவானா?” என்று டுவேன் காபிக் கடையில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். வெர்லின் வாயைத் திறக்கவில்லை. குளிர்காலம் வந்ததும் ஓர் எண்ணைப் போட்டுப் பதில் சொல்லிவிட்டார்.

அத்தோடு பேச்சு நின்றது. ஆனாலும் எதிரெதிரே வண்டியில் வந்தால், ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டத் தவறவில்லை இருவரும். விரலைக்கூடத் தூக்காமல் போகும் அளவுக்கு நார்பெக்கில் யாரும் கெட்டுப்போகவில்லை.

ஊருக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. அடுத்த ஊருக்குப் போய் டுவேனும் அந்த விளையாட்டை வாங்கினார். கணினி பழுதாகிப் போகும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் தனியாக உட்கார்ந்து ஆடினார். அணியில் எல்லோரையும் இறக்குவார், தன்னை மட்டும் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். தன்னையே அப்படி உட்கார வைப்பது எவ்வளவு வலிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்போது பழைய அணி சனிக்கிழமை கூடப்போகிறது. வெர்லினின் மகள் காரின் அந்த விளையாட்டைத் தன் லேப்டாப்பில் எப்படியோ ஓட வைத்திருந்தாள். பெரிய திரையில் போடப்போகிறார்களாம். பேரப்பிள்ளைகள் முன்னால் பத்துக்கு ஒன்றா? மானம் போய்விடுமே என்று டுவேன் வெள்ளிக்கிழமையே வெர்லின் வீட்டு மணியை அடித்தார்.

“அந்த நம்பரை மாத்தணும்,” என்றார், உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே.

“எவ்வளவு வேணும்?” என்றார் வெர்லின்.

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். “அஞ்சு.”

“போட்டுரும்மா,” என்றார் வெர்லின், லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மகளிடம்.

காரின் மாற்றினாள். “எந்தக் கட்டத்துல இருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம் அங்கிள். எங்க வைக்கட்டும்?”

எந்தக் கட்டம் என்று ஊருக்கே தெரியும். அவளே புரிந்துகொண்டு, டுவேனை இரண்டாம் பேஸில் நிறுத்தி லெஸ்டரிடம் மட்டையைக் கொடுத்தாள். லெஸ்டர் வலது பக்கம் அடிக்கும்வரை திரும்பத் திரும்ப ஆரம்பித்தாள். அடித்ததும் குட்டி டுவேன் ஓடி, பந்து வந்து சேருமுன் நிதானமாக ஹோமைத் தொட்டான். ஸ்பீக்கர் கீகீ என்று கூட்டத்தின் கைதட்டலை இசைத்தது.

டுவேன் முகத்தில் சிரிப்பில்லை. “இது பொய்டா,” என்றார். “நான் இப்படியா ஓடினேன்?”

“அஞ்சு கேட்டது நீதானே?”

“சரி, பழைய ஒண்ணையே போட்டுக் காட்டு.”

ஒன்றில் குட்டி டுவேன் பாதி வழி வருவதற்குள் ஹோமில் நின்ற கேட்சர் பந்தை வைத்துக்கொண்டு காத்திருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது. வெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இப்படி ஓடுறவனை எவன்டா அனுப்புவான்?” என்றார் டுவேன். “என் வேகம் ஒண்ணுன்னா, அன்னைக்கு நீ ஒரு முட்டாள்.”

“முட்டாள் இல்லடா. கோவத்துல போட்ட நம்பர் அது. நீ வந்துருவேன்னு நம்பித்தானே கையச் சுத்தினேன்.”

டுவேன் காரின் பக்கம் திரும்பினார். “மூணு போட்டுப் பாரும்மா,” என்றார். லேப்டாப்பை வெர்லின் பக்கம் தள்ளினார். “நீ அனுப்பு.”

லெஸ்டர் அடித்தான். ஓடச் சொல்லும் விசையைத் தட்ட வேண்டிய வெர்லினின் வலது கை தானாக மேலே எழும்பிச் சுழன்றது. இடது கைதான் அவசரமாக விசையைத் தேடித் தட்டியது. குட்டி டுவேன் வளைந்து ஓடினான். பந்தும் வந்தது. காலும் பந்தும் ஒன்றாகச் சேர, அம்பயர் கையைத் தூக்கினார். அவுட்.

“எங்கடா அவுட்டு?” என்று வெர்லின் எழுந்தே நின்றுவிட்டார். “காலு விழுந்தாச்சு!”

“பொட்டக் கண்ணா!” என்று திரையைப் பார்த்து டுவேனும் கத்தினார்.

“அப்பா, அது கம்ப்யூட்டர்,” என்றாள் காரின்.

“நீ சும்மா இரும்மா. அன்னைக்கும் இப்படித்தான் பண்ணினான் அந்த அம்பயர். காலுதான் முந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்,” என்றார் வெர்லின்.

டுவேனின் கண்கள் நிறைந்துவிட்டன. இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவர் இத்தனை வருடம் காத்திருந்தார்.

“பாவி, அப்பவே ஏன்டா சொல்லல?”

“நீ என்னைத்தானே திட்டிட்டு இருந்தே. நான் எங்க போய்ச் சொல்றது?”

டுவேன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். நாற்காலியை வெர்லினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏன்டா, அந்த அம்பயர் பேரு என்ன?” என்றார். அன்று சாப்பாட்டு வேளை தாண்டும்வரை இருவரும் சேர்ந்து அந்த ஆளைத் திட்டித் தீர்த்தார்கள்.