மூன்று கடைக்கு ஒரே டிவி

பேனர் அச்சடிக்கும் கடையில் டிசைன் வேலையை நான் விட்டபோது முதலாளி கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் எனக்கு எரிச்சல். "கடை கடையா டிவி வெச்சு விளம்பரம் ஓட்டப் போறியா? ஓட்டு, ஓட்டு. உன் இடத்துக்கு ஆள் எடுக்கல. திங்கக்கிழமை வந்து உக்காந்துக்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னால் என் கணவர், "நல்ல மனுஷன்" என்கிறார்.

சண்டை போட்டு ஓய்ந்தபின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு கடைக்காரராவது "சரி, வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் கணவர் வாயைத் திறக்க மாட்டார். யாருமே சொல்லாவிட்டால் நான் திங்கட்கிழமை அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

தொழிலில் என் கூட்டாளி என் கொழுந்தன். வீட்டில் அவனுக்குப் பெயர் 'ஓசி'. சீப்பிலிருந்து சட்டைவரை எதையும் காசு கொடுத்து வாங்காத பிறவி. யாரோ புண்ணியவான்கள் மென்பொருளை எழுதி, எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்றிக்கொள் என்று ஊருக்கே விட்டுவிடுகிறார்கள், அதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் என்று தெரிந்த அன்று அவன் முகத்தில் பிறவிப் பயன் தெரிந்தது. விளம்பரத் திரைகளை நடத்தும் மென்பொருள் ஒன்றையும் அவன்தான் தேடிப்பிடித்தான்.

எங்கள் தலைமை அலுவலகம் வாஷிங் மெஷின் இருக்கும் அறை. மெஷினின் தலைமேல் ஒரு பழைய லேப்டாப். கடைகளில் டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு கணினியை ஒட்டிவிடுவோம். அது இன்டர்நெட் வழியாக லேப்டாப்பிடம் 'நான் என்ன காட்டட்டும்?' என்று கேட்டுக் கேட்டுக் காட்டும். துணி பிழியும்போது மட்டும் ஓசி லேப்டாப்பைப் பிடித்துக்கொள்வான்.

இலவசமாகப் போட்டுப் பார்க்க மூன்று கடைகள் சம்மதித்தன: ஒரு பேக்கரி, ஒரு பல் டாக்டர், ஒரு சவப்பெட்டிக் கடை. மூன்றாவது ஓசியின் யோசனை. "அண்ணி, அவங்களுக்குத்தான் கஸ்டமர் குறையவே மாட்டாங்க" என்றான்.

ஒவ்வொரு குட்டிக் கணினியிலும் மென்பொருளை ஏற்ற அரை நாள் பிடிக்கும். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஒன்றில் மட்டும் ஏற்றி, அதன் மெமரி கார்டை அப்படியே மற்ற இரண்டுக்கும் நகலெடுத்தேன். ஓசி உதவிக் குறிப்பைப் படித்துவிட்டு இழுத்தான்: "அண்ணி, ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஏத்தணும்னு போட்டிருக்கு."

"ஓசில குடுத்துட்டு இவ்ளோ சட்டமா? போடா" என்றேன்.

கடை கடையாகப் போனோம். டிவியைப் போட்டதும் என் போனில் டிவிகளின் பட்டியலில் பச்சைப் புள்ளி வரும். அந்த டிவிக்கு அந்தக் கடை விளம்பரத்தை ஏற்றுவேன், ஏற்றியதும் அதிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். முதல் படம் வந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், நாங்கள் கிளம்பிவிடுவோம். மூன்று கடை முடிந்த பிறகும் பட்டியலில் ஒரே ஒரு டிவிதான் இருந்தது. மென்பொருள் மூன்றையும் ஒரே இடத்தில் அடக்கிவிட்டதே, என்ன சமத்து என்று நான் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை பேக்கரிக்காரர் கூப்பிட்டார். "என்னம்மா இது, கேக்கு படம் வருது, அடுத்து சொத்தைப் பல்லு வருது! கேக் வாங்க வந்த குழந்தை வேண்டாம்னு அழுதுட்டுப் போகுது. வந்து கழட்டிட்டுப் போங்க!"

கழற்றிக்கொண்டிருக்கும்போதே பல் டாக்டர். அவர் மரியாதையானவர். "மேடம், என் பேஷண்ட்ஸ் ஏற்கனவே பயந்துக்கிட்டுத்தான் வர்றாங்க. டிவில சவப்பெட்டியக் காட்டி, 'எல்லா அளவிலும் கிடைக்கும்'னா என்ன அர்த்தம்? ரெண்டு பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. வேண்டாம் மேடம், எடுத்துடுங்க."

ஓசி பேக்கரி வாசலிலேயே உட்கார்ந்து நோண்டிப் பார்த்தான். "ஏத்தும்போது ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு பேர் வெச்சுக்குமாம் அண்ணி. நாம நகலெடுத்ததால மூணும் ஒரே பேரச் சொல்லுது. லேப்டாப்புக்கு மூணும் ஒரே டிவி. அந்த ஒரு டிவிக்கு நீங்க மூணு கடை விளம்பரத்தையும் ஏத்திருக்கீங்க." அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

சவப்பெட்டிக் கடையிலிருந்து மட்டும் போன் வரவில்லை. கடைக்காரர் பார்ப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று ஓடினோம்.

உள்ளே வார்னிஷ் வாடை. கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். சொத்தைப் பல் மறைந்து, திரை முழுக்க முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு, அதன் கீழே பெரிய எழுத்தில், 'இனி வலியே இருக்காது.' எதிரே ஸ்டூலில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முகம் நனைந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தேன். கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத எழுதினது யாரும்மா?" ஸ்டூலில் இருந்தவர் கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "பல் டாக்டர் விளம்பரங்க. தப்பா இங்க வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி வந்தது, கேக் வந்தது, மறுபடி அந்த வரி வந்தது. "என் வீட்டுக்காரி கடைசி வரைக்கும் வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தா" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "அவளுக்குப் பல்லு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெட்டி பார்க்க உள்ளே போனார்.

கடைக்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நான் வெச்சுக்கறேன்மா. கேக்க எடுத்துடுங்க. பல்லையும் எடுத்துடுங்க. அந்த வரி இருக்கட்டும்."

டாக்டரிடம் ஓசி போனில் கேட்டான். தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கேயே நின்று கறுப்புப் பின்னணியில் அந்த வரியை மட்டும் போட்டேன். இரண்டு தடவை எழுத்துப்பிழை விட்டுத் திருத்தினேன்.

வெளியே வந்து கணவரைக் கூப்பிட்டேன். இந்தப் போனை எப்படிப் பேச வேண்டும், எங்கே நிறுத்தி எங்கே குத்த வேண்டும் என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"ஒருத்தர் சரின்னுட்டார்" என்றேன்.

"நல்லதுதானே? அப்புறம் ஏன் அழற?"

"அவங்களுக்குப் பல்லு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம்" என்றேன்.